விபாசனா முடித்து வந்தேன், வீட்டில் உட்கார முடியவில்லை

தாம்பரம்வாசி:
போன மாசம் திருமுடிவாக்கம் தம்ம சேது விபாசனா தியான மையத்தில் பத்து நாள் இருந்தேன். காலை 4 மணிக்கு மணி அடிக்கும், பேச்சு கிடையாது, போன் கிடையாது. முதல் மூணு நாள் மூச்சைக் கவனிப்பது மட்டும்தான். முட்டி கழன்றுவிடும்போல இருந்தும் உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்ததும் எல்லாம் போச்சு. காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். ஒரு வாரம்கூட ஓடவில்லை. கண்ணை மூடினால் குக்கர் விசிலை எண்ணுகிறேன். நிஜமாகவே ரெண்டு வேளையும் உட்காருகிறவர் யாராவது இருக்கீங்களா?

மொட்டைமாடி:
2011-ல் மகாராஷ்டிராவில் இருக்கும் இகத்புரி விபாசனா மையத்துக்குப் போனேன். ரெண்டு வேளையும் உட்கார்ந்தது முதல் வருஷம்தான். அப்புறம் பையன் பிறந்தான், சாயங்காலம் போச்சு. இப்போ பால் பாக்கெட் வருவதற்கு முன் நாற்பது நிமிஷம். நாற்காலியில்தான், சம்மணம் முடியாது.

கறிவேப்பிலை:
ஆறாம் நாள் பையைக் கட்டினவள் நான். மறுநாள் அவிழ்த்தேன், அது வேற கதை. விசிலை எண்ணினால் எண்ணுங்களேன், அதுவும் சத்தம்தானே? நாலாவதுக்கு எழுந்து அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி உட்காருங்க.

தாம்பரம்வாசி:
எங்க வீட்டு துவரம்பருப்புக்கு ஆறு விசில் வேணும் அக்கா.

மொட்டைமாடி:
ஊறப்போட்டுட்டு உட்காருங்க தம்பி.