மனைவிக்கு டைவ் கம்ப்யூட்டர் பரிசு: எதை வாங்குவது, எப்போது கொடுப்பது?

சேலையூரான்:
வணக்கம். பிப்ரவரியில் எங்கள் இருபதாம் திருமண நாள். ஸ்கூபா முழுக்கில் ஆழத்தையும் நேரத்தையும் பார்த்து இன்னும் எத்தனை நிமிடம் அடியில் இருக்கலாம் என்று சொல்லும் டைவ் கம்ப்யூட்டர் ஒன்றை மனைவிக்குத் தெரியாமல் வாங்கிக் கொடுக்க நினைக்கிறேன். புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கப் பயிற்சியை முடித்தார், அடுத்த நிலையான அட்வான்ஸ்டு அந்தமானின் ஹேவ்லாக் தீவில். இதுவரை வாடகைக் கருவியைத்தான் கட்டியிருக்கிறார். என்னிடம் இருப்பது பழைய சூன்டோ சூப் நோவோ. நன்றாக உழைக்கிறது, ஆனால் மணிக்கட்டில் சோப்புப் பெட்டியைக் கட்டியது போல இருக்கும். அவர் வங்கியில் வேலை பார்ப்பவர். கைக்கடிகாரம் போன்ற வடிவில் இருந்தால் அலுவலகத்துக்கும் கட்டிப் போகலாம் அல்லவா? கார்மின் டிசென்ட் ஜி1, சூன்டோ டி5 இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறேன். ஐம்பதாயிரம் ரூபாய், கொஞ்சம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை. எது நல்லது?

சிங்கைக் கடலோடி:
மாதிரியைப் பற்றி அப்புறம் பேசலாம். அவருக்கு என்ன வயது? வெள்ளெழுத்துக் கண்ணாடி போடுகிறாரா?

சேலையூரான்:
நாற்பத்தாறு. கைப்பேசி பார்க்கும்போது போடுகிறார். ஆனால் தண்ணீருக்கடியில் எல்லாம் பெரிதாகத் தெரியும் என்பார்களே?

சிங்கைக் கடலோடி:
பெரிதாகத் தெரியும், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதோடு கிட்டேயும் வந்துவிடும். முகமூடிக் கண்ணாடி வழியே பார்த்தால் பொருள் அதன் உண்மைத் தூரத்தில் முக்கால் பங்கில் இருப்பதாகக் கண் எடுத்துக்கொள்ளும். கிட்டே இருப்பதைப் பார்க்கத்தானே வெள்ளெழுத்துக் கண் திண்டாடுகிறது? கைக்கடிகார அளவுத் திரையில் ஆழம், நேரம், இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம், மேலேறும் வேகம் எல்லாவற்றையும் நெருக்கி அடைத்திருப்பார்கள். டியோமன் தீவுக்குப் படகு ஏறும் சிங்கப்பூர்க்காரர்களில் நாற்பதைத் தாண்டியவர்களைக் கவனித்திருக்கிறேன்; கையை முழுநீளத்துக்கு நீட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் துணைவரின் கருவியை எட்டிப் பார்க்கிறார்கள். அலுவலகத்துக்குக் கட்ட வேண்டுமென்றால் ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுங்கள் அண்ணன். இது முழுக்குக்கு.

இன்னொன்று. அவருக்குத் தெரியாமல் வாங்குவதே எனக்குப் பிடிக்கவில்லை. அவர் உயிரைப் பார்த்துக்கொள்ளப் போகும் கருவியை ஏன் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும்?

புதுவை மாஸ்டர்:
இருபது ஆண்டு ஒன்றாக வாழ்ந்தவருக்கு மனைவிக்கு எது பிடிக்கும் என்று தெரியாதா? பரிசு என்றால் பரிசு. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் இரண்டுமே தேவைக்கு மிஞ்சியவை. புதுச்சேரியில் கற்றுக்கொடுக்கிறேன், நாள்தோறும் பார்ப்பதைச் சொல்கிறேன். வசதி கூடக்கூட மெனுவும் கூடும். படகில் ஏறிய பிறகு எந்தப் பொத்தானை எத்தனை விநாடி அழுத்துவது என்று கையேட்டைத் தேடுவார்கள். கிரெஸ்ஸி லியோனார்டோ போதும். ஒரே பொத்தான், பெரிய எண்கள், நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) வசதியும் உண்டு. பேட்டரி தீர்ந்தால் நீங்களே மாற்றலாம். பாதி விலைக்கு முடியும். மிச்சப் பணத்தில் அவருக்குப் பொருந்தும் நல்ல முகமூடி வாங்குங்கள். முழுக்கின் சுகம் முகமூடியில்தான் இருக்கிறது.

சிங்கைக் கடலோடி:
மாஸ்டர், உங்கள் கடற்கரையில் தண்ணீர் கலங்கலாக இருக்கும் நாட்களில் ஒளி இல்லாத சாம்பல் திரையை யார் படிப்பது? பொத்தானை அழுத்தினால் சில விநாடி விளக்கு எரிந்து அணையும், அவ்வளவுதான். ஷியர்வாட்டர் பெரெக்ரின் பாருங்கள். 2.2 அங்குல வண்ணத் திரை, எப்போதும் ஒளிர்ந்தபடியே இருக்கும். எல்லை மீறினால் எண்ணின் நிறம் மாறும், கருவி மணிக்கட்டில் அதிரும். இரண்டே பொத்தான்கள். சொன்ன பணத்தில் ஏறக்குறைய அடங்கும்.

புதுவை மாஸ்டர்:
அழகு பார்ப்பதற்குக் கூடுதல் விலை. அதில் பேட்டரியை நாமே மாற்ற முடியாது, மின்னேற்றத்தான் வேண்டும். தீவில் மின்சாரம் போன இரவு என்ன செய்வீர்கள்?

சிங்கைக் கடலோடி:
ஒருமுறை ஏற்றினால் ஒரு வாரப் பயணத்துக்குத் தாராளமாகத் தாங்கும். லியோனார்டோவுக்கான காசு பேட்டரியை ஹேவ்லாக்கில் எந்தப் பெட்டிக்கடையில் வாங்குவீர்கள் என்று சொல்லுங்கள்.

கணக்கப்பிள்ளை:
இருவரும் திரையையும் பொத்தானையும் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். உள்ளே ஓடும் கணக்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஆழத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் உடம்பில் கரைந்து தங்கும்; அது வெளியேறுமுன் ஏறினால் குமிழாகி மூட்டையும் நரம்பையும் தாக்கும். எந்த டைவ் கம்ப்யூட்டரும் உடம்பில் உள்ள நைட்ரஜனை அளப்பதில்லை. அழுத்தத்தையும் நேரத்தையும் அளக்கிறது. மற்றது எல்லாம் கணிப்பு. பெரெக்ரினில் ஓடுவது சூரிச் மருத்துவர் பூல்மானின் கணக்கு; உடம்பை 16 திசுப் பிரிவுகளாக வைத்துக் கணிப்பது. எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம். நடுத்தர நிலை 40/85. இரண்டாவது எண்ணின் பொருள்: நீர்மட்டத்துக்கு வரும்போது திசுவில் மிஞ்சும் கூடுதல் அழுத்தம், பூல்மான் அனுமதிக்கும் கூடுதல் அழுத்தத்தில் 85 விழுக்காட்டைத் தாண்டாதபடி அது கணக்கிடும். சேலையூரானின் சூப் நோவோவில் இருப்பது ஆர்ஜிபிஎம் என்ற சூன்டோவின் வேறு கணக்கு. ஒரே நாளில் அடுத்தடுத்து முழுக்குப் போட்டால் அது கையை இறுக்கிக்கொள்ளும்.

விளைவு என்ன? மூன்றாவது முழுக்கில் அவர் கருவி “போதும், ஏறு” என்னும். மனைவியின் கருவி “இன்னும் நேரம் இருக்கிறது” என்னும். ஜோடியில் எது குறைவாகக் காட்டுகிறதோ அதைத்தான் இருவரும் கேட்க வேண்டும். ஆகவே நீங்கள் பழைய சூன்டோவைக் கட்டியிருக்கும்வரை, அவருக்கு எவ்வளவு விலையில் வாங்கிக் கொடுத்தாலும் ஒரு நிமிடம்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. வாங்கினால் இரண்டு வாங்குங்கள். இல்லையென்றால் அவருக்கும் சூன்டோவே வாங்குங்கள்.

புதுவை மாஸ்டர்:
கூடுதல் நிமிடம் யாருக்கு வேண்டும்? பாடி (PADI) பயிற்சி அமைப்பின் அட்டவணையிலேயே 18 மீட்டருக்கு 56 நிமிடம், 30 மீட்டருக்கு 20 நிமிடம் வரை இருக்கலாம். 18 மீட்டரில் நேர எல்லை வருவதற்கு முன்பே சிலிண்டரில் காற்று தீர்ந்துவிடும். பொழுதுபோக்கு முழுக்காளருக்கு எச்சரிக்கையான கணக்கே நல்லது.

கணக்கப்பிள்ளை:
18 மீட்டருக்குச் சரி. ஹேவ்லாக்கில் டிக்சன்ஸ் பினாகிள், ஜானிஸ் கோர்ஜ் போன்ற இடங்களுக்குப் போனால் 30 மீட்டர் பக்கம் இறங்குவார்கள். அங்கே காற்றுக்கு முன் நேரம் தீரும். எச்சரிக்கைக்கும் விலை உண்டு. சூன்டோவில் டீகோ நிறுத்தத்தை, அதாவது நைட்ரஜன் வெளியேற ஏறும் வழியில் நிற்க வேண்டிய நிறுத்தத்தை, தவறவிட்டு ஏறினால் 48 மணி நேரம் கணிப்பைப் பூட்டிவிடும். ஆழமும் நேரமும் மட்டும்தான் காட்டும். ஷியர்வாட்டர் பூட்டுவதில்லை.

புதுவை மாஸ்டர்:
நிறுத்தத்தைத் தவறவிட்டவர் இரண்டு நாள் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது. பூட்டுவது தண்டனை அல்ல, புத்தி.

முத்துநகர்வாசி:
தூத்துக்குடியிலிருந்து ஒருவன் நடுவில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் சங்கு குளிப்பவர்கள் படகில் கம்ப்ரசரை ஓடவிட்டு, குழாய் வழியாக மூச்சு வாங்கிக்கொண்டு கடலடியில் வேலை செய்கிறார்கள். ஆழமானியும் கிடையாது, அட்டவணையும் கிடையாது. மூட்டுவலியோடும் மரத்துப்போன காலோடும் கரையேறியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவருக்காவது இந்தக் கருவி கிடைத்தால் அதற்குப் பெயர் பரிசு. நீங்கள் திரையின் நிறத்துக்குச் சண்டை போடுகிறீர்கள்.

சரி, கேட்டவருக்கும் ஒன்று சொல்கிறேன். ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் உடலியலாளர் வெள்ளாடுகளை வைத்துச் சோதித்து 1908இல் அட்டவணை வெளியிட்டார். இன்று உங்கள் மணிக்கட்டில் இருப்பது அந்த ஆட்டுக் கணக்கின் பேரன். தூக்கம் கெட்ட உடம்பா, தண்ணீர் குடிக்காத உடம்பா, அது அறியாது. அட்டவணை படிக்கத் தெரியாதவருக்குக் கம்ப்யூட்டரைக் கொடுத்தால், அது சொல்வதை அப்படியே நம்பி இறங்குவார்.

சிங்கைக் கடலோடி:
சங்கு குளிப்பவர்கள் பற்றிச் சொன்னதை மறுக்க ஒன்றுமில்லை. அதற்காக இவர் மனைவிக்கு அட்டவணையைப் பரிசளிக்க முடியாது. முழு நேரமும் அடியாழத்திலேயே இருந்ததாக வைத்துக் கணக்கிடுவது அட்டவணை. பவளப்பாறைச் சரிவில் மெல்ல ஏறிக்கொண்டே பார்க்கும் முழுக்குக்கு அது பொருந்தாது.

சேலையூரான்:
எல்லோருக்கும் நன்றி. கைக்கடிகார வடிவ ஆசையை விட்டுவிடுகிறேன். வெள்ளெழுத்து விஷயம் சரியாகப் படுகிறது. பெரெக்ரின் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். சொல்லிவிட்டு வாங்குவது என்பதற்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. திருமண நாள் ஹேவ்லாக் பயணத்தின் மூன்றாம் நாள் வருகிறது. அன்று இரவு உணவின்போது கொடுத்தால், நான்காம் நாள் காலை முழுக்குக்கு அதையே கட்டிக்கொண்டு இறங்குவார்.

புதுவை மாஸ்டர்:
கூடாது.

மூன்று நாள் முழுக்குப் போட்ட உடம்பில் நைட்ரஜன் தங்கியிருக்கும். புதுக் கருவிக்கு அது தெரியாது. பெட்டியிலிருந்து எடுத்ததும் அவர் இப்போதுதான் கடற்கரைக்கு வந்தவர் என்று நினைத்து, தாராளமாக நிமிடங்களை அள்ளி வீசும். பயணத்தின் நடுவில் கருவியை மாற்றக் கூடாது. முதல் முழுக்கில் எது கையில் இருக்கிறதோ அதுதான் கடைசி முழுக்கு வரைக்கும். மாற்றியே தீர வேண்டுமென்றால் 24 மணி நேரம் முழுக்குப் போடாமல் இருக்க வேண்டும். பயணத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

கணக்கப்பிள்ளை:
இதில் மாஸ்டர் சொல்வது முழுக்கச் சரி. பெட்டியைப் பார்த்து வாங்குபவர்கள் எவரும் இதை யோசிப்பதில்லை.

சேலையூரான்:
ஒரு வழி தோன்றுகிறது. முதல் நாளிலிருந்து அதை நான் என் இன்னொரு கையில் கட்டிக்கொள்கிறேன். இருவரும் ஒன்றாகத்தானே இறங்குகிறோம்? அவர் போகும் ஆழம்தான் என் ஆழம்.

புதுவை மாஸ்டர்:
அதுவும் ஆகாது. நீங்கள் பாறைக்குக் கீழே எட்டிப் பார்ப்பீர்கள், அவர் மூன்று மீட்டர் மேலே மிதப்பார். ஒருவர் கருவி ஒருவருக்கு. முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

முத்துநகர்வாசி:
அப்படியென்றால் அவர் முழுக்கில் அணியும் பிசிடி என்ற மிதவைச் சட்டையின் பையிலேயே ஒளித்து வைத்துவிடுங்களேன். கருவிக்குக் கை வேண்டாம், தண்ணீர் அழுத்தம் போதும். அது தானே விழித்துக்கொண்டு அவரோடு மூன்று நாளும் இறங்கி ஏறிக் கணக்கு வைத்திருக்கும். மூன்றாம் நாள் இரவு பையிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். அவருடைய நைட்ரஜன் எல்லாம் ஏற்கெனவே அதில் பதிந்திருக்கும்.

கணக்கப்பிள்ளை:
விளையாட்டாகச் சொன்னாலும் கணக்கு சரியாக வருகிறது! பெரெக்ரின் ஒலி எழுப்பாது, அதிர மட்டும் செய்யும். பைக்குள் இருந்தால் தெரியாது. லியோனார்டோ என்றால் வேகமாக ஏறும்போது கூவிக் காட்டிக் கொடுத்துவிடும். ஒன்று மட்டும் பார்க்க வேண்டும்: அவர் நைட்ராக்ஸ் எடுக்கிறார் என்றால் ஒவ்வொரு நாளும் அந்த விழுக்காட்டைக் கருவியில் வைக்க வேண்டும். காற்று என்றே விட்டால் நைட்ரஜன் கணக்கு எச்சரிக்கையின் பக்கம் சாயும், பாதகமில்லை. ஆக்சிஜன் கணக்குதான் தப்பாகிவிடும்.

சிங்கைக் கடலோடி:
கணக்கு சரியாக வந்தால் போதுமா? ஒருவரிடம் சொல்லாமல் அவர் பையில் ஒன்றைப் போட்டுக் கடலுக்குள் அனுப்புவது எந்த ஊர் நியாயம்? இறங்குவதற்கு முன் கருவிகளைச் சரிபார்க்கும் பழக்கம் உள்ளவர் என்றால் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார். அந்தப் பழக்கம் இல்லாதவர் என்றால் அதைத்தான் முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும்.

புதுவை மாஸ்டர்:
சகோதரி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். என் படகில் இப்படி ஒருவர் செய்தால் அவரைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போவேன்.

சேலையூரான்:
பையில் ஒளிக்கவில்லை. ஆனால் மூன்றாம் நாள் இரவுதான் கொடுப்பேன், அதில் மாற்றமில்லை. நான்காம் நாள் அவர் வாடகைக் கருவியோடே இறங்கட்டும். புதியதை இன்னொரு கையில் கட்டி, ஆழமும் நேரமும் மட்டும் காட்டும் கேஜ் நிலையில் வைத்துவிட்டால் தவறான நிமிடம் எதையும் காட்டாது. திரையைப் படிக்க முடிகிறதா என்பதும் தெரிந்துவிடும். இதில் என்ன குறை?

கணக்கப்பிள்ளை:
குறை இல்லை. வாடகைக் கருவி சொல்வதுதான் தீர்ப்பு என்பதை இருவரும் படகிலேயே பேசிக்கொள்ளுங்கள். பயணம் முடிந்ததும் கேஜ் நிலையிலிருந்து மாற்ற மறந்துவிடாதீர்கள். ஐந்தாம் நாள் விமானமா?

சேலையூரான்:
ஆம், காலை பதினொன்றுக்கு.

கணக்கப்பிள்ளை:
பல நாள் தொடர் முழுக்கு என்றால் விமானத்துக்கு முன் 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நான்காம் நாள் மாலை ஐந்துக்குப் பிறகு தண்ணீரில் இருக்கக் கூடாது. காலை முழுக்கோடு நிறுத்திக்கொள்வது மேல். அந்தப் புதுக் கருவியைப் பார்த்து இதைத் தீர்மானிக்க வேண்டாம். அதற்கு முந்தைய மூன்று நாள் தெரியாது.

சிங்கைக் கடலோடி:
ஐம்பதாயிரம் ரூபாய்க் கருவியை வாயைக் கட்டிக் கொடுக்கப் போகிறீர்கள். முதல் நாளே கொடுத்திருந்தால் நான்கு நாளும் அது பேசியிருக்கும். உங்கள் திருமண நாள், உங்கள் விருப்பம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள், திரையின் மேல் ஒட்டிய தாளை நீங்கள் உரிக்காதீர்கள். அவர் வேறு மாதிரி கேட்டால் கடைக்காரர் மாற்றித் தருவாரா என்று இன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுவை மாஸ்டர்:
மாற்றித் தர மறுத்தால் லியோனார்டோ வாங்குங்கள். பாதி விலைதான், வருத்தமும் பாதி.