ஸ்லீப் டெஸ்ட்டில் 'இன்கன்க்ளூசிவ்' என்று வந்திருக்கிறது, அடுத்து என்ன?

தஞ்சாவூர்க்காரி: வீட்டுக்காரருக்கு ராத்திரி முழுக்கக் குறட்டை. நடுவில் மூச்சு நின்று, திணறி எழுந்து உட்காருகிறார். டெஸ்ட் எடுத்தோம். ஏ.எச்.ஐ. (தூக்கத்தில் மணிக்கு எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற கணக்கு) 4, 'இன்கன்க்ளூசிவ்'. நாலுதானே, நார்மல் என்கிறார் அவர். விட்டுவிடலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

மணி72: வீட்டில் எடுத்ததா, ஆஸ்பத்திரியிலா? எத்தனை மணி நேரம் பதிவானது? வயது, பிபி?

செல்வம்_வேலூர்: டெஸ்ட்டெல்லாம் தண்டச்செலவு. பனியன் முதுகில் பை தைத்து டென்னிஸ் பந்தைப் போட்டுப் படுக்கச் சொல்லுங்கள். மல்லாக்கப் புரளவே முடியாது.

இரவுக்காவலன்: இதை எத்தனை தடவைதான் எழுதுவது? பழைய இழைகளைத் தேடிப் பார்க்கவே மாட்டீர்களா? 'இன்கன்க்ளூசிவ்' என்றால் 'நோய் இல்லை' என்று அர்த்தமில்லை, 'சொல்ல முடியவில்லை' என்று அர்த்தம். வீட்டுக் கருவிகள் பெரும்பாலானவற்றில் மூளை அலைப் பதிவு கிடையாது. ஆள் தூங்கினாரா, கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தாரா என்றே அதற்குத் தெரியாது. மொத்தப் பதிவு நேரத்தால் வகுப்பதால் எண் குறைந்து வரும்.

மணி72: திட்டாமலும் சொல்லலாமே சார்.

செல்வம்_வேலூர்: ஆறு கிலோ குறைத்தேன், எனக்குக் குறட்டையே போச்சு. மாஸ்க் மாட்டுகிறவர்கள் ஏமாளிகள்.

ஒல்லிக்குச்சி: அந்த ஏமாளி நான்தான். மூன்று வருடமாக சிபாப், அதாவது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் கருவி. சிக்னலில் தூங்கி விழுவது நின்றது. நான் எந்தக் கிலோவைக் குறைக்க? அது சரி, குறட்டை போனது உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணா?

செல்வம்_வேலூர்: வீட்டில் புகாரே இல்லையே.

ஒல்லிக்குச்சி: அண்ணி அடுத்த ரூமுக்குப் போய்விட்டதாகப் போன மாதம் நீங்கள்தானே எழுதினீர்கள்?

தஞ்சாவூர்க்காரி: வீட்டில்தான் எடுத்தோம். 46 வயது, பிபி மாத்திரை உண்டு. இரண்டாம் பக்கத்தை இப்போதுதான் பார்த்தேன்: தேறிய பதிவு 2 மணி 10 நிமிடம். காலையில், ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டிய கிளிப் தலையணைக்கு அடியில் கிடந்தது.

இரவுக்காவலன்: அதை முதலிலேயே சொல்வதற்கென்ன? குறைந்தது 4 மணி நேரம் நல்ல பதிவு வேண்டும். கனவுத் தூக்கம் பின்னிரவில்தான் அதிகம், பலருக்கு மூச்சு அடைப்பதும் அப்போதுதான் கூடும். அந்த நேரம் உங்களுக்குப் பதிவாகவே இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுக்கவைத்து எடுக்கும் பாலிசோம்னோகிராபி கேளுங்கள். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமியின் 2017 வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. அதுவரை அவரைத் தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்ட விடாதீர்கள்.

தஞ்சாவூர்க்காரி: வெள்ளிக்கிழமை படுக்கை கிடைத்தது. தலையணை கொண்டுபோகலாமா?

மணி72: கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள் அம்மா. பந்து வைத்த பனியன் வேண்டாம், மல்லாக்கப் படுக்கும்போது என்ன ஆகிறது என்றும் பார்ப்பார்கள்.