தள்ளுபடிக் கணக்கீட்டுக்கு மூன்று டிசைன்: சேர்த்துப் பராமரிக்க யோசனை வேண்டும்

நண்பர்களே, தள்ளுபடி கணக்கிடும் பகுதிக்கு மூன்று டிசைன்கள் கையில் இருக்கின்றன: இன்ஹெரிட்டன்ஸ் (பொதுவான கிளாஸிலிருந்து ஒவ்வொரு தள்ளுபடிக்கும் ஒரு துணை கிளாஸ்), ஸ்ட்ராட்டஜி (கணக்கிடும் முறையைத் தனி கிளாஸாக வைத்து மாற்றிக்கொள்வது), டெக்கரேட்டர் (ஒரு தள்ளுபடியின் மேல் இன்னொன்றை உறைபோலச் சுற்றுவது). விதிகள் முடிவாகாததால் எதையும் இப்போதே தூக்கிப்போட முடியாது.

ஒவ்வொன்றையும் தனித்தனி கிட் பிராஞ்சில் (கோடின் தனிக் கிளையில்) வைப்பது சரிவராது. மெயின் பிராஞ்சில் ஒரு மெத்தட் பெயர் மாறினாலும் மூன்றிலும் மெர்ஜ் செய்ய வேண்டும்; சீக்கிரமே ஒப்பிட முடியாதபடி விலகிவிடும். அதனால் மூன்றும் ஒரே இன்டர்ஃபேஸின் (வெளியிலிருந்து அழைப்பதற்கான பொது வடிவத்தின்) கீழ், ஒரே டெஸ்ட் தொகுப்போடு இருக்கின்றன. எது ஓட வேண்டும் என்பதை ஒரே ஒரு ஃபேக்டரி (தேவையான ஆப்ஜெக்டை உருவாக்கித் தரும் கோட்) முடிவு செய்கிறது. அதற்குப் பதில் கோடில் ஆங்காங்கே இஃப் போட்டால் 3 ஃபிளாக்குக்கே (ஆன்/ஆஃப் சுவிட்சுக்கே) 8 சேர்க்கைகளைச் சோதிக்க வேண்டிவரும்.

சிக்கல் டெக்கரேட்டரில்தான். 1000-இல் முதலில் 10%, பிறகு 100 கழித்தால் 800. வரிசையை மாற்றினால் 810! இரண்டுமே கம்பைல் ஆகும், இன்டர்ஃபேஸைப் பார்த்து எது சரி என்று சொல்லவே முடியாது. ஸ்ட்ராட்டஜியில் அந்த வரிசை ஒரே கிளாஸுக்குள் கண்ணுக்குத் தெரியும்.

இந்த வரிசையை ஃபேக்டரியில் பூட்டிவிடலாமா, அல்லது ஒவ்வொரு டெக்கரேட்டருக்கும் முன்னுரிமை எண் கொடுப்பதா? கைவிடும் டிசைனுக்கான காரணத்தை எங்கே எழுதிவைக்கிறீர்கள்? ரெபோவிலேயே சின்ன மார்க்டவுன் ஃபைலாக வைப்பது நல்லது என்பது என் எண்ணம். விக்கியில் இருந்தால் கோட் மாறும்போது யாரும் திருத்துவதில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.