டர்பன் நண்பர்களே, பாயா (PAIA, தென்னாப்பிரிக்காவின் தகவல் பெறும் உரிமைச் சட்டம்) மேல்முறையீட்டுக்கு மாதிரி வாசகம் இருக்கிறதா?

வணக்கம். சாட்ஸ்வொர்த் வடிகால் டெண்டர் ஒன்றின் மதிப்பெண் தாளைப் படிவம் 2-இல் (தகவல் கோரும் படிவம்) கேட்டதற்கு வந்த மறுப்பு ஒரே வரி: “பிரிவு 36, மூன்றாம் தரப்பின் வணிகத் தகவல்.”

2000-ஆம் ஆண்டின் பாயா சட்டப்படி இது போதாது. பிரிவு 25(3) தகுந்த காரணத்தைக் கேட்கிறது. ஒப்பந்தக்காரரின் விலை விவரம் ரகசியம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த வரிகளைக் கருப்படித்துவிட்டு மீதியைத் தரச் சொல்கிறது பிரிவு 28. முழுத்தாளையும் மூடி வைப்பது சோம்பேறித்தனம். பிரிவு 47-இன்படி ஒப்பந்தக்காரருக்கு நோட்டீஸ் போனதா என்றும் கடிதத்தில் இல்லை.

சிக்கல், பொதுநலனுக்காக ரகசியத்தையும் வெளியிடச் சொல்லும் பிரிவு 46-இல்தான். “பொதுநலன்” என்று மட்டும் எழுதினால் எடுபடாது. கணிசமான சட்டமீறலையோ, உடனடியான கடும் பொதுப் பாதுகாப்பு அல்லது சுற்றுச்சூழல் ஆபத்தையோ அந்த ஆவணம் வெளிக்கொணரும் என்று காட்ட வேண்டும். வெளியிடுவதன் பொதுநலன், அதனால் வரும் தீங்கைவிடத் தெளிவாக மேலோங்கவும் வேண்டும். தாளைப் பார்க்காமலே இதை எப்படி நிறுவுவது? டெண்டரில் தோற்றவரின் பிரமாணப் பத்திரத்தை யாராவது இணைத்துப் பார்த்தீர்களா?

மேல்முறையீட்டுக்கான படிவம் 4 கொடுக்க 60 நாள், அதில் 22 போய்விட்டது. அதுவும் தோற்றால் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் படிவம் 5-இல் புகார், 180 நாளுக்குள். பெயர்களை மறைத்து, வென்ற மேல்முறையீட்டின் வாசகத்தை இங்கே போடுங்கள், புண்ணியமாகப் போகும்.