600 காவடிப் படங்கள்: ஒரே தடவையில் பெயர் மாற்ற

கேள்வி: மொரீஷியஸின் கோர் த கார்ட் மலைக்கோயில் தைப்பூசப் படங்கள், இரண்டு கேமராவில் எடுத்தவை. விண்டோஸ் 11. 'காவடி-001' என்று வரிசையாகப் பெயர் வைக்க வழி உண்டா?

பதில்: கன்ட்ரோல்+ஏ, எஃப்2, பெயர், என்டர். ஆனால் 'காவடி (1)' என்றுதான் வரும், முன்னால் பூஜ்யம் இராது. சில மென்பொருளில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும். தவறினால் உடனே கன்ட்ரோல்+இசட்.

பதில்: பூஜ்யம் வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட்டின் இலவசக் கருவித் தொகுப்பான பவர்டாய்ஸில் உள்ள பவர்ரீநேம். ரெகுலர் எக்ஸ்பிரஷனை (குறிகளால் எழுத்து வடிவத்தைத் தேடும் முறை) இயக்கி, தேடும் பெட்டியில் புள்ளியும் கூட்டல் குறியும் போடுங்கள். நட்சத்திரக் குறி போட்டால் பெயர் இரண்டு முறை ஒட்டிக்கொள்ளலாம். கோப்புப் பெயருக்கு மட்டும் என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஜேபிஜி என்ற வாலும் போய்விடும்.

பதில்: அதற்கு முன் இரண்டு கேமராக் கடிகாரமும் ஒத்திருக்கிறதா பாருங்கள். பத்து நிமிடம் பிசகினாலே ஊர்வலம் முன்பின்னாகும். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள், படத்தில் பதிவான எடுத்த நேரத்தைத் திருத்தும். நகல் எடுத்து வைத்துவிட்டுத் தொடுங்கள், அண்ணா.