24 லிட்டர் கம்ப்ரசருக்கு எந்த ஸ்ப்ரே கன் சரியாக வரும்?

தேவனாம்பட்டினம்வாசி:

வணக்கம். வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடல் பக்கத்திலேயே. உப்புக் காற்றில் ஜன்னல் கிரில்லும் வாசல் கேட்டும் சீக்கிரமே துரு ஏறிவிடுகின்றன, பிரஷ்ஷில் அடித்து அடித்துச் சலித்துவிட்டது. 2 எச்பி மோட்டார், 24 லிட்டர் டேங்க் உள்ள கம்ப்ரசர் ஒன்று வீட்டில் இருக்கிறது, வண்டிக்குக் காற்று பிடிக்க வாங்கியது. அதில் கன் மாட்டி நானே அடிக்கலாம் என்று கடைக்குப் போனால் மேலே கப் வைத்தது, கீழே கப் தொங்குவது, எச்விஎல்பி, மினி கன் என்று வரிசையாக எடுத்து வைக்கிறார்கள். கடைக்காரர் 1.7 மி.மீ. நாசில் எச்விஎல்பி எடுங்க, எல்லாத்துக்கும் ஆகும் என்கிறார். கிரில், கேட், தேக்குக் கதவு இரண்டு, முடிந்தால் ஸ்கூட்டர் பேனல், இவ்வளவுதான் வேலை. ஒரே கன் போதுமா?

உப்பனாற்றங்கரை:

கன்னைப் பார்ப்பதற்கு முன் உங்கள் கம்ப்ரசர் நிமிடத்துக்கு எவ்வளவு காற்று தருகிறது என்று பாருங்கள். முழு அளவு எச்விஎல்பி கன் 8 முதல் 15 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) வரை கேட்கும். இதில் அழுத்தம் குறைவு, காற்று அதிகம், பெயிண்ட் வீணாகப் பறக்காமல் பொருள் மேல் உட்காரும், நல்ல கன்தான், ஆனால் அது பட்டறைக் கம்ப்ரசருக்கு ஆனது. உங்களுடையது நிஜத்தில் 4 சிஎஃப்எம் தந்தாலே பெரிய விஷயம்.

டேங்க் கைகொடுக்கும் என்று நினைக்க வேண்டாம். 8 பார் அழுத்தத்தில் நிரம்பி 3 பாருக்கு இறங்கும்வரை அந்த 24 லிட்டர் டேங்க் தருவது 5 பெருக்கல் 24, அதாவது 120 லிட்டர் காற்று. 10 சிஎஃப்எம் கன்னைப் பிடித்தால், கம்ப்ரசர் தரும் 4 போக மிச்சம் 6 சிஎஃப்எம் டேங்கிலிருந்துதான் வர வேண்டும், அது நிமிடத்துக்கு 170 லிட்டர். முக்கால் நிமிடத்துக்குள் காற்று இறங்கி, பொடிப்பொடியாக வந்த பெயிண்ட் துளித்துளியாகத் தெறிக்க ஆரம்பிக்கும், அதுவும் கதவின் நடுவில்.

அதனால் எல்விஎல்பி என்று கேளுங்கள், அதில் அழுத்தமும் குறைவு, காற்றும் குறைவு. 3 முதல் 5 சிஎஃப்எம்மில் வேலை செய்யும், மேலே கப், நாசில் 1.3 அல்லது 1.4. கீழே கப் தொங்குவது வேண்டாம், அது பெயிண்டை உறிஞ்சி மேலே ஏற்றவே தனியாகக் காற்றழுத்தம் கேட்கும்.

தேவனாம்பட்டினம்வாசி:

நன்றி அண்ணே. ஆனால் கம்ப்ரசர் பிளேட்டில் 7 சிஎஃப்எம் என்று போட்டிருக்கிறதே? அப்படியென்றால் சின்ன எச்விஎல்பி ஓடாதா?

உப்பனாற்றங்கரை:

அது பெரும்பாலும் பிஸ்டன் உள்ளே இழுக்கும் கணக்கு, வெளியே வருவது அல்ல. வால்வு, சூடு, கசிவு எல்லாம் போக அதில் பாதியிலிருந்து முக்கால் வரைதான் கிடைக்கும். நீங்களே சோதிக்கலாம். வெளி வால்வை மூடிவிட்டு ஓட விடுங்கள், மீட்டர் முள் 4 பாரிலிருந்து 6 பாருக்குப் போக எத்தனை விநாடி என்று போனில் பாருங்கள். அந்த 2 பாருக்குள் டேங்கில் ஏறியது 48 லிட்டர். 24 விநாடி ஆனால் நிமிடத்துக்கு 120 லிட்டர், ஒரு சிஎஃப்எம் 28.3 லிட்டர், ஆக நாலுக்குக் கொஞ்சம் மேலே. அந்த எண்ணை வைத்துக்கொண்டு கன் பெட்டியில் போட்டிருப்பதைப் பாருங்கள், கன் கேட்பது உங்களிடம் இருப்பதைவிடக் கொஞ்சமாவது குறைவாக இருக்க வேண்டும். இந்த மாதிரிச் சின்ன கம்ப்ரசர்கள் இடைவிடாமல் ஓடுவதற்குச் செய்தவையும் அல்ல, பாதி நேரமாவது ஓய்வு வேண்டும்.

நெல்லிக்குப்பம் வெல்டர்:

கிரில் வேலை செய்கிறவன் என்பதால் சொல்கிறேன், கிரில்லுக்கு 1.4 கன்கூடப் பெரிதுதான். கம்பி அரை இஞ்ச், நடுவில் எல்லாம் வெற்று வெளி, விசிறி மாதிரி அகலமாக அடித்தால் பெரும்பகுதி கம்பிக்கு நடுவே போய் அடுத்த வீட்டுச் சுவரில் ஒட்டும். 125 மில்லி கப் வைத்த மினி கன், நாசில் 0.8 அல்லது 1.0, ஃபேன் திருகை மூடி வட்டமாக வைத்து அடித்தால் பெயிண்ட் கம்பியில் நிற்கும், உங்கள் கம்ப்ரசரும் மூச்சு வாங்காது. பட்ஜெட் இருந்தால் மினி ஒன்று, எல்விஎல்பி ஒன்று. ஒன்றுதான் என்றால் கிரில்லைப் பிரஷ்ஷிலேயே முடித்துவிட்டு கதவுக்கும் கேட்டின் தகட்டுக்கும் எல்விஎல்பி வாங்குங்கள்.

ப்ரைமரைக் கன்னில் ஊற்றவே வேண்டாம். ரெட் ஆக்சைடு கெட்டி, அதற்காகத்தான் கடைக்காரர் 1.7 சொல்லியிருப்பார். பிரஷ்ஷில் தேய்த்தால்தான் துரு தின்ற குழிக்குள் இறங்கும், ஸ்ப்ரே மேலாகப் போய்விடும். மேல் கோட் எனாமல் மட்டும் கன்னில். டர்பன்டைன் கலந்து, துணியில் வடிகட்டி, பி4 கப்பில் (பதம் பார்க்கும் அடியில் ஓட்டை வைத்த கப்) ஊற்றினால் 20, 25 விநாடியில் வடிகிற பதம். அவசரத்துக்கு என்சி (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்கான) தின்னர் ஊற்றிவிடாதீர்கள், பழைய எனாமல் சுருங்கித் தோலாக எழும்பிவிடும்.

அப்புறம் உங்கள் பகுதிக்கு முக்கியமானது, தேய்ப்பதற்கு முன்னால் நல்ல தண்ணீரில் கிரில்லைக் கழுவிக் காய விடுங்கள். உப்பு ஒட்டியிருக்கும்போது எந்த பெயிண்ட் அடித்தாலும் அடியில் கொப்புளம் வரும், நீங்கள் அடிக்கடி அடிக்க வேண்டி வருவதற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். வீடு பழையது என்றால் தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தைய கோட்டுகளில் என்ன இருக்கிறதோ. குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், தூளைக் கூட்டி அள்ளிவிடுங்கள்.

வில்லியனூர் மரவேலை:

கதவு பற்றி நான் சொல்கிறேன். எங்கள் பாண்டிச்சேரிப் பக்கமும் இதே ஈரக் காற்றுதான். கம்ப்ரசர் காற்றை அமுக்கும்போது அதிலுள்ள ஈரம் டேங்கில் தண்ணீராகச் சேரும், அது கன் வழியாக வந்தால் பாலிஷில் கொப்புளமும் புள்ளியும்தான். தினமும் வேலை முடிந்ததும் அடியிலுள்ள திருகைத் திறந்து தண்ணீரை விடுங்கள். ரெகுலேட்டரோடு வாட்டர் செபரேட்டர் ஒன்று மாட்டுங்கள், கம்ப்ரசர் வாயிலேயே வேண்டாம், சில அடி ஓஸுக்குப் பிறகு. காற்று கொஞ்சம் ஆறினால்தான் தண்ணீர் பிரியும்.

என்சி லாக்கர் அடிப்பதாக இருந்தால் ஐப்பசி, கார்த்திகையில் தொடவே வேண்டாம். மழை ஈரத்தில் தின்னர் வேகமாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிர்விக்கும், காற்றின் ஈரம் அதில் படிந்து பால் மாதிரி வெள்ளை பூக்கும். பொங்கல் கழிந்து ஆரம்பியுங்கள். காலையில் பனி நன்றாகக் காய்ந்த பின், கடல் காற்று கிளம்புவதற்கு முன், அந்த நேரம்தான் நமக்கு. கடல் காற்று வந்தால் மணலும் வரும்.

ஓஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ஸ்பிரிங் மாதிரிச் சுருண்ட மெல்லிய ஓஸில் அழுத்தம் வழியிலேயே போய்விடும், உள்விட்டம் 8 மில்லி உள்ள நேர் ஓஸ் போதும். ரெகுலேட்டரை கன்னின் ட்ரிகரை அழுத்தியபடியே செட் பண்ணுங்கள், சும்மா இருக்கும்போது காட்டும் அளவு அடிக்கும்போது இருக்காது. கதவிலிருந்து 15, 20 சென்டிமீட்டர் தூரம், முந்தைய பட்டையின் பாதியை மூடிக்கொண்டே போக வேண்டும். முதலில் பழைய பலகையில் பழகுங்கள்.

தேவனாம்பட்டினம்வாசி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மினி கன்னும் 1.4 எல்விஎல்பியும் வாங்கலாம் என்று இருக்கிறேன், ப்ரைமர் பிரஷ்ஷில். ஸ்கூட்டர் பேனலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

உப்பனாற்றங்கரை:

அதைப் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள் சார். கன்னால் முடியும், பிரச்சினை பெயிண்டில். வண்டிக்கு அடிப்பது ஹார்டனர் கலக்கும் பியு (பாலியூரித்தேன்) பெயிண்ட், அதில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஸ்ப்ரே பண்ணும்போது அந்தப் புகை நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சுத் திணறும். துணி மாஸ்க்கால் ஒன்றும் ஆகாது, வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடியும் தனி அறையும் வைத்துச் செய்கிற வேலை அது. எனாமலுக்கே கரித்தூள் வடிகட்டி உள்ள மாஸ்க் போடுங்கள். கம்ப்ரசரைக் காற்று வரும் பக்கத்தில், ஓஸ் எட்டும் அளவுக்குத் தள்ளி வைத்து ஓட்டுங்கள், அதன் ஸ்விட்சில் பொறி பறக்கும், தின்னர் ஆவி அங்கே போகக் கூடாது. கன் வாங்கும்போது அதே கடையில் நாசில் வாஷரும் நீடிலும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.