ரிசர்வ் சைட்டில் சமுதாயக் கூடம்: ஊராட்சித் தீர்மானம் மட்டும் போதுமா?

கேள்வி: மனைப்பிரிவுவாசி, கோவை மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். நான் குடியிருக்கும் மனைப்பிரிவு 1990களின் பிற்பகுதியில் நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரத்துடன் போடப்பட்டது. மொத்தப் பரப்பு ஏறத்தாழ 12 ஏக்கர். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் சாலைகள் போக எஞ்சிய பரப்பில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1 ஏக்கர் 5 சென்ட், பூங்காவுக்கென்று பச்சை நிறத்தில் காட்டப்பட்டிருக்கிறது. இங்கே யாரும் அதைப் பூங்கா என்று சொல்வதில்லை, ரிசர்வ் சைட் என்றுதான் சொல்கிறோம். இத்தனை ஆண்டுகளில் அங்கே நான்கு வேப்பமரங்கள், சீமைக்கருவேல் புதர், மாலையில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் ஆகியவற்றைத் தவிர வேறொன்றும் வந்ததில்லை.

கடந்த ஆகஸ்ட் 15 அன்று நடந்த கிராம சபைக் கூட்டத்தில் அந்த இடத்தில் சமுதாயக் கூடம் கட்டத் தீர்மானம் நிறைவேறியதாக இப்போது சொல்கிறார்கள். கட்டடத்துக்குப் பணம் தொகுதி நிதியிலிருந்து வருமாம். வாடகையால் ஊராட்சிக்கு வருமானமும் கிடைக்குமாம். எங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, அரசு நியமித்த தனி அலுவலர் பொறுப்பில்தான் நிர்வாகம் நடக்கிறது. பூங்கா இடத்தைக் கட்டட இடமாக மாற்றக் கிராம சபைத் தீர்மானம் மட்டும் போதுமா? நாங்கள் எங்கே, எதைக் கேட்க வேண்டும்?

பதில் 1: ஓய்வுபெற்ற ஊராட்சி ஒன்றிய ஊழியர்

ஐயா, கூடம் வேண்டுமா பூங்கா வேண்டுமா என்ற விவாதத்துக்குள் போவதற்கு முன்பு அந்த இடம் இன்றைக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டீர்களா? என் பணிக்காலத்தில் கண்ட ரிசர்வ் சைட் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியில்தான் போய் முட்டி நின்றன.

மனை போட்டவர் சாலைகளையும் பூங்கா இடத்தையும் ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்த பிறகுதான் மனைப்பிரிவுக்கு இறுதி அனுமதி தரப்பட வேண்டும். பத்திரம் பதிவாவது வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும், ஏனென்றால் அது நடக்காமல் மனை விற்க முடியாது என்பதால் மனை போட்டவரே ஓடி ஓடிச் செய்வார். அதற்கு அடுத்தபடியாக அந்தப் பத்திரத்தை வைத்துப் பட்டாவை ஊராட்சி பெயருக்கு மாற்ற வேண்டியது ஊராட்சியின் வேலை. அதற்கு அவசரப்படுத்த ஆள் கிடையாது. பத்திரம் அலுவலக பீரோவில் சிவப்பு நாடா கட்டிய கட்டுக்குள் கிடக்க, பட்டா பழைய பெயரிலேயே தொடரும். பிறகு வாரிசுகள் காலத்தில் யாரோ ஒருவர் சிட்டாவைப் பார்த்துவிட்டு, இது நம் தாத்தா நிலம் என்று கிளம்புவார். அப்படி இரண்டாம் முறை விற்கப்பட்ட பூங்காக்களை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

ஆகவே, முதலில் சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் புல எண்ணுக்கு மனைப்பிரிவு போட்ட ஆண்டிலிருந்து இன்று வரை வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வருவாய்த் துறையின் இணையதளத்தில் பட்டாவையும், கிராமத்து நிலங்களின் விவரம் உள்ள 'அ' பதிவேட்டையும் பாருங்கள். பூங்கா இடத்துக்குத் தனி உட்பிரிவு போடப்பட்டிருக்கிறதா என்பதைப் புலப்படத்தில், அதாவது நில அளவை வரைபடத்தில், பாருங்கள். கிராம சபைத் தீர்மானத்தின் நகலையும் வருகைப் பதிவேட்டின் நகலையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலரிடம் கேளுங்கள்; 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வருகைப் பதிவேட்டைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 3,001 முதல் 10,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் கிராம சபைக்குக் குறைந்தது 200 பேர் வந்திருக்க வேண்டும். கையெழுத்துகளை எண்ணிப் பாருங்கள், நூறுநாள் வேலை நடக்கும் இடத்துக்குப் பதிவேட்டை எடுத்துப்போய் வாங்கிய கையெழுத்துகள் இருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

பதில் 2: நகரமைப்பு ஆர்வலர், சென்னை

மேலே சொன்னதோடு சட்ட நிலையையும் சேர்த்துக்கொள்ளலாம். மனைப்பிரிவு வரைபடத்துக்குத் தொழில்நுட்ப அனுமதி கொடுத்தது நகர் ஊரமைப்புத் துறை. அந்த வரைபடத்தில் பூங்கா என்று காட்டிய இடத்தை வேறொன்றாக மாற்ற வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும். கிராம சபை தன் விருப்பத்தைத் தெரிவிக்கலாமே தவிர, வரைபடத்தைத் திருத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படியும், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் இந்தப் பத்து விழுக்காட்டை நிலமாகவே தர வேண்டும், அதற்குப் பதிலாகப் பணம் கட்டித் தப்ப முடியாது. உங்களுடைய 12 ஏக்கர் அந்த அளவைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு.

இத்தகைய வழக்குகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அப்பகுதி மக்கள் தொடுத்த வழக்கு; 1991இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. ஆனால் அங்கே இடம் போனது தனியாருக்கு, உங்கள் ஊரிலோ கட்டப்போவது ஊராட்சியே. அந்த வேறுபாட்டை எதிர்த்தரப்பு நிச்சயம் எடுத்து வைக்கும் என்பதால் அந்தத் தீர்ப்பு ஒன்றை மட்டும் நம்பி இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

பதில் 3: அதே வட்டாரத்தைச் சேர்ந்தவன்

ஒரு மாற்றுக் கருத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். மனைப்பிரிவுகளில் இருப்பவர்கள் கிராம சபைக்கு வருவதே இல்லை. எங்கள் ஊரில் மே 1 அன்றும் அக்டோபர் 2 அன்றும் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருப்பது பழைய ஊர்ப் பகுதிப் பெண்கள்தான். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குத் தெருவை மறித்துச் சாமியானா போட வேண்டியிருக்கிறது, மகளிர் குழுக் கூட்டத்துக்குக் கோயில் திண்ணையை நாட வேண்டியிருக்கிறது. 1 ஏக்கர் 5 சென்ட் இடத்தைப் புதர் மண்ட விட்டுவிட்டு, கூடம் என்றதும் பூங்கா என்று குரல் எழுப்புவதை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று சற்று யோசியுங்கள். கூடத்தின் தேவை உண்மையானது, இடம்தான் தவறு.

அதே நேரம், வருமானம் வரும் என்ற பேச்சை நானும் நம்பவில்லை. பக்கத்து ஊராட்சியில் அப்படியொரு கூடம் இருக்கிறது. ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் அதைத் திறப்பதே இல்லை. முகூர்த்த மாதங்களில் கிடைக்கும் வாடகை மின் கட்டணத்துக்கும் கழிவுநீர்த் தொட்டியை எடுப்பதற்கும் சரியாகப் போய்விடுகிறது. நான் கடைசியாகப் போனபோது கை கழுவும் இடத்தில் ஏழு குழாய்களில் ஐந்துக்குத் திருகு இல்லை, மரக்குச்சியைச் செருகி வைத்திருந்தார்கள். தொகுதி நிதி கட்டடத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடும், பராமரிப்பு ஊராட்சியின் தலையில்தான் விழும். ஊராட்சிக்கு மத்திய அரசிடமிருந்து வரும் 2021-26 காலத்துக்கான 15ஆவது நிதிக்குழு மானியத்திலும் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டப்பட்ட பணம், அதைக் கூடத்தின் பக்கம் திருப்ப வழியில்லை.

கேள்வி கேட்டவர்

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. வில்லங்கச் சான்று கைக்கு வந்துவிட்டது. 1998இல் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறது, நல்ல வேளையாக அதற்குப் பிறகு வேறு பதிவு எதுவும் இல்லை. ஆனால் முதல் பதிலில் ஐயா எச்சரித்ததுதான் நடந்திருக்கிறது: பட்டா இன்னமும் மனை போட்டவர் பெயரிலேயே இருக்கிறது, உட்பிரிவும் போடவில்லை. ஊராட்சி தன் பெயரில் பட்டா இல்லாத நிலத்தில் கட்டடத்துக்குத் தீர்மானம் போட்டிருக்கிறது என்று வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் சொன்னபோது, அங்கிருந்தவர் கோப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நில ஆவணம் இணைக்கப்படவில்லை என்பதை ஒப்புக்கொண்டார். வருகைப் பதிவேட்டின் நகல் இன்னும் வரவில்லை.

மூன்றாவது பதில் சற்றுச் சுருக்கென்று தைத்தது, ஆனால் மறுக்க முடியவில்லை. இங்கே வந்த பதினோரு ஆண்டுகளில் ஒரு கிராம சபைக்கும் நான் போனதில்லை. நியாய விலைக் கடைக்குப் பின்னால் இடிந்துபோன பழைய ஊராட்சி அலுவலகக் கட்டடம் நிற்கிறது. அந்த இடம் கூடத்துக்குப் போதுமா என்று அளந்து பார்க்க ஊர்ப் பெரியவர்கள் இருவரும் நாங்கள் மூவரும் ஞாயிற்றுக்கிழமை போகிறோம். பட்டாவை ஊராட்சி பெயருக்கு மாற்றக் கோரும் மனுவில் இதுவரை 64 வீட்டுக்காரர்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அதை அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவர, பொருள்நிரலில் சேர்க்கும்படி தனி அலுவலருக்கு எழுதிக் கொடுத்து ஒப்புகையும் வாங்கிவிட்டோம்.